நெடுந்தூர லாரியில் குடியிருப்பு: முதலில் எதை வாங்குவது?

மார்ச் 2, இரவு 9.40 (கேள்வி)

அடுத்த மாதம் முதல் நெடுந்தூர லாரி ஓட்டப் போகிறேன். ஒரு நடைக்கு 12 முதல் 15 நாள்கள் வரை வண்டியிலேயே தங்க வேண்டியிருக்கும். இருக்கைகளுக்குப் பின்னால் ஒரே ஒரு படுக்கை உண்டு. குளிர்பெட்டி வாங்கச் சொல்கிறார்கள் சிலர்; இன்வெர்ட்டர் இல்லாமல் போகாதே என்கிறார்கள் வேறு சிலர். கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றைத்தான் வாங்க முடியும். எதை முதலில் வாங்கலாம்?

மார்ச் 3, அதிகாலை 5.50

இரண்டையும் இப்போது வாங்க வேண்டாம். நான் 19 ஆண்டுகளாக வண்டியில் குடியிருக்கிறேன். இந்த வாழ்க்கையின் வீட்டுவேலையில் முக்கால் பங்கு ஈரத்தைச் சமாளிப்பதுதான் என்பது என் அனுபவம். மெத்தை, துண்டு, துணி, கண்ணாடி, பாத்திரம், காலணி என்று எதைத் தொட்டாலும் பேச்சு கடைசியில் தண்ணீரில்தான் வந்து நிற்கிறது.

தூங்கும் மனிதனின் மூச்சிலும் வியர்வையிலுமாக ஓர் இரவில் ஏறக்குறைய கால் லிட்டர் நீர் வெளியேறுகிறது. வீட்டு அறையில் அது தெரிவதில்லை. கேபினின் சன்னல்களை இறுக மூடிக்கொண்டு படுத்தால், வெளியே குளிர்ந்திருக்கும் இரவில், அந்த நீர் கண்ணாடியிலும் கூரைத் தகட்டிலும் படிந்து விடிவதற்குள் வழியத் தொடங்கும். கண்ணாடியில் வழிவதைத் துடைத்துவிடலாம். மெத்தைக்கு அடியில் சேர்வதுதான் பொல்லாதது. மேலே உடல் சூடு, கீழே குளிர்ந்த பலகை, நடுவில் காற்றுப் புக வழியில்லை. எனவே மெத்தையினூடே இறங்கும் ஈரம் பலகையைத் தொட்டதும் நீராக மாறி அங்கேயே தங்கிவிடுகிறது.

முதல் ஆண்டில் மூன்று மாதங்கள் நான் மெத்தையைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. மேல்விரிப்பை மட்டும் தவறாமல் துவைத்து வந்தேன். காலைதோறும் இருமல் வரும். சாலைத் தூசி என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் விழுந்துபோன சாவியைத் தேடி மெத்தையைப் புரட்டியபோது அதன் அடிப்பக்கம் முழுவதும் கறுப்புப் புள்ளிகளாகப் பூசணம் பூத்திருந்தது. வெயிலில் காய வைத்தும் வாடை போகவில்லை. மெத்தையைத் தூக்கி எறிந்த பிறகு இரண்டு வாரங்களில் இருமல் நின்றது.

ஆகவே முதல் செலவு இது: மெத்தைக்கும் பலகைக்கும் இடையே இரண்டு விரல் உயரத்துக்கு இடைவெளி தரும் மரச் சட்டங்கள். தச்சரிடம் அளவு சொன்னால் அரை நாளில் செய்துவிடுவார்.

மார்ச் 3, இரவு 8.15

காலையில் எழுதியதில் துண்டைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டைப் படுக்கைக்கு மேலுள்ள கம்பியில் போட்டுவிட்டுப் படுப்பது எல்லாருக்கும் உள்ள பழக்கம். தடித்த துண்டு தன் எடைக்குக் குறையாமல் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். இரவு முழுவதும் அது காயும்போது அந்த நீர் வேறெங்கே போகும்? உங்கள் கூரைக்கும் மெத்தைக்கும்தான். துண்டை வண்டி ஓடும்போது காய வையுங்கள். ஏசி வசதி உள்ள வண்டியானால் அதை ஓடவிட்டுக் காய வைப்பது இன்னும் நல்லது. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுருள்களில் படிந்து, குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்டிவிடும். வண்டிக்குக் கீழே தெரியும் அந்தச் சிறு ஈரத் திட்டைப் பழுது என்று நினைத்து நான் ஒருமுறை பட்டறைக்குப் போயிருக்கிறேன். அது ஏசி தன் வேலையைச் செய்வதன் அடையாளம்.

மெல்லிய துண்டுகள் மூன்று, தடித்த துண்டு ஒன்றைவிட மேல்.

மார்ச் 5, மதியம் 1.20

ஈரம் வெளியேறச் சன்னலைத் திறந்து வைத்தால் கொசு, திருட்டு, இரைச்சல் மூன்றும் உள்ளே வருமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். முழுதாகத் திறக்கச் சொல்லவில்லை. இரண்டு பக்கச் சன்னல்களிலும் ஒரு விரல் அளவு இடைவெளி விட்டால் போதும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று ஓடாது. அந்த அகலத்தில் கை நுழையாது. கூரைத் திறப்பு உள்ள வண்டியில் அதையும் சற்று உயர்த்தி வையுங்கள். சூடான ஈரக்காற்று மேலே ஏறித் தானே வெளியேறும். கொசுவலைத் துணியை சன்னல் அளவுக்கு வெட்டி, ஓரத்தில் சிறு காந்தத் துண்டுகளை வைத்துத் தைத்துவிட்டால் கதவுச் சட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். என்னிடம் இருப்பதை ஐந்தாண்டுகளாக மாற்றவில்லை.

இரைச்சலுக்குக் காதடைப்பான் போட்டுக்கொள்கிறேன். அப்படியானால் அலாரம் கேட்காது என்ற அச்சம் எனக்கும் இருந்தது. கைப்பேசியை அதிர்வில் வைத்துத் தலையணை உறைக்குள் செருகி வைத்தால் எழுந்துவிடலாம்.

மார்ச் 9, இரவு 10.05

துணி துவைப்பது பற்றி. மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கிளம்பும்போது நேற்றைய துணி, தண்ணீர், கொஞ்சம் சலவைத் தூள் மூன்றையும் அதில் போட்டு மூடி, அசையாமல் கட்டிவிடுங்கள். சாலையின் குலுக்கலே துணியைத் துவைத்துவிடும். மாலையில் நிற்கும் இடத்தில் தண்ணீரை மாற்றி அலசினால் போதும். எண்ணெய்க் கறை படிந்த வேலைத்துணியை மட்டும் இதில் சேர்க்கக் கூடாது. மற்றத் துணிகளுக்கும் டீசல் வாடை ஏறிவிடும்.

டீசல் வாடை கையிலிருந்து போகவில்லை என்றால், கை ஈரமாகும் முன்பே சமையல் எண்ணெய் சில சொட்டுகள் விட்டுத் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போடுங்கள். டீசல் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. நேராகத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்தால் தோல்தான் வெடிக்கும்.

மார்ச் 10, காலை 6.30

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். இரவு படுத்த பிறகு இது மனத்தை விட்டுப் போகவில்லை. வாளியைக் கட்டுங்கள் என்று ஒரு சொல்லில் கடந்துவிட்டேன். அது போதாது.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி அரை மீட்டர் தொலைவுக்குள் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல் ஏறக்குறைய 20 மடங்கு விசையுடன் முன்னே பாயும். 8 கிலோ எடையுள்ள ஒரு வாளியை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஆகவே வாளியைப் படுக்கைக்கு அடியிலுள்ள பெட்டியிலோ வண்டியின் வெளிப்புறப் பெட்டியிலோ வைத்து, பட்டையால் இறுக்கி, அதன் கதவையும் பூட்ட வேண்டும். தண்ணீர் பாதியளவுக்கு மேல் வேண்டாம். நிரம்பிய வாளியில் துணி அசையாது, மூடியும் திறந்துகொள்ளும்.

இதைவிடச் சிறிய பொருள் ஒன்று எனக்குக் கற்றுக்கொடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். எட்டு ஆண்டுகளுக்கு முன், நீண்ட இறக்கம் ஒன்றில், பக்கத்து இருக்கையில் கிடந்த ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தல் உருண்டு விழுந்து பிரேக் மிதிக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. மிதித்தேன், இறங்கவில்லை. போத்தல் பாதி காலியாக இருந்ததால் இரண்டாம் முறை முழு பலத்துடன் மிதித்தபோது நசுங்கி வழிவிட்டது. நிரம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றுவரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அன்று முதல் ஓட்டும் இருக்கையிலிருந்து கை எட்டும் தொலைவில் கட்டப்படாத பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்பதை விதியாக வைத்திருக்கிறேன். காலணியையும் கழற்றித் தரையில் விடுவதில்லை. கதவோரம் ஒரு துணிப்பை கட்டியிருக்கிறேன். கழற்றிய காலணி நேராக அதற்குள் போகும்.

எனவே மார்ச் 3 அன்று ஈரத்துக்கு முதலிடம் கொடுத்தேனே, அதை மாற்றிக்கொள்கிறேன். முதலில் உருளாமை, அடுத்ததுதான் ஈரம். கேள்வி கேட்டவர் மெத்தைக்கான மரச் சட்டங்களுக்கு முன்பே நல்ல பட்டைகள் நான்கும் கொக்கிகளும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மார்ச் 16, மாலை 4.40

நீங்கள் கேட்டது குளிர்பெட்டியையும் இன்வெர்ட்டரையும் பற்றி. நான் இன்னும் அதைத் தொடவே இல்லை என்று நினைவூட்டியிருக்கிறீர்கள். இன்று சரக்கு இறக்கக் காத்திருக்கிறேன், நேரம் இருக்கிறது.

குளிர்பெட்டியில் இரண்டு வகை உண்டு. கம்பிரசர் வைத்தது ஒன்று, விசிறியும் மின்தகடும் மட்டும் கொண்ட எளிய வகை மற்றொன்று. இரண்டாவது விலை குறைவு என்பதால் புதியவர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள். அது வெளிச் சூட்டைவிட 15 முதல் 20 டிகிரி வரைதான் குறைக்கும். கேபினுக்குள் 40 டிகிரி இருந்தால் பெட்டிக்குள் 20 டிகிரிக்குக் கீழே போவது கடினம். அதைக் குளிர்பெட்டி என்று நம்பி உணவு வைப்பது தவறு. மேலும் அது நிற்காமல் ஓடும். 50 வாட் எடுத்துக்கொண்டால் 12 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல். ஒரு நாளைக்கு 100 ஆம்பியர் மணி (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் ஆம்பியர் மணி). கம்பிரசர் வகை 45 வாட் எடுத்தாலும் விட்டுவிட்டுத்தான் ஓடும். மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினால் நாளைக்கு 30 ஆம்பியர் மணி. கடும் வெயிலில் பாதி நேரம் ஓடினால் 45.

வண்டி ஓடும் வரை இவற்றில் எதுவும் பொருட்டல்ல. இன்று என்னைப் போல் நின்றுகொண்டிருக்கும்போதுதான் கணக்கு முக்கியம். வண்டியோடு வரும் ஈய அமில பேட்டரி இஞ்சினைக் கிளப்ப ஒரு நொடி பெரும் மின்னோட்டம் தருவதற்காகச் செய்யப்பட்டது. அதை மெல்ல மெல்ல ஆழமாக வடிய விட்டால் ஆயுள் குறைந்துவிடும். ஓய்வில் இருக்கும்போது 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டினால் அது நிரம்பியிருக்கிறது, 12.2 என்றால் பாதி. அதற்குக் கீழே போக நான் விடுவதில்லை.

இன்வெர்ட்டர் பற்றிச் சுருக்கமாக: 1000 வாட் கெண்டிக்கு 12 வோல்ட்டில் 80 ஆம்பியருக்கு மேல் வேண்டும். சிகரெட் லைட்டர் துளையின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 முதல் 20 ஆம்பியர் வரைதான் தாங்கும். கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் சிறிய இன்வெர்ட்டர் போதும். சூடாக்கும் கருவிகளுக்கு என்றால் பேட்டரியிலிருந்து தனித் தடித்த கம்பி, தனி ஃபியூஸ், அதைச் செய்யத் தெரிந்த ஆள் மூன்றும் வேண்டும்.

மார்ச் 17, காலை 7.00

நேற்றைய எண்கள் 12 வோல்ட்டுக்கு உரியவை. பெரிய லாரிகள் பலவற்றில் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். அப்படியானால் பாதி அளவு என்பது 24.4 வோல்ட்; ஆம்பியர் கணக்குப் பாதியாகும்.

இதில் ஒரு பிழையை நானே செய்திருக்கிறேன். கையிலிருந்த 12 வோல்ட் குளிர்பெட்டிக்காக இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி இழுத்தேன். பெட்டி நன்றாகவே ஓடியது. ஆனால் ஒன்று வடிந்துகொண்டே இருக்க, மற்றொன்று நிரம்பியே இருக்க, மின்னேற்றும்போது நிரம்பியது அளவுக்கு மீறி வாங்கி, வடிந்தது ஒருபோதும் நிறையாமல், ஆறு மாதங்களில் இரண்டுமே கெட்டுப்போயின. 24 வோல்ட்டை 12 ஆகக் குறைத்துத் தரும் கருவியை இணைத்திருக்க வேண்டும், அல்லது இரண்டு மின்னழுத்தத்திலும் ஓடும் பெட்டியை வாங்கியிருக்க வேண்டும்.

இஞ்சினை நிறுத்தியவுடன் அளந்தால் எண் கூடுதலாகவும், பெட்டி ஓடும்போது அளந்தால் குறைவாகவும் காட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில மணி நேரம் கழித்து, எதுவும் ஓடாதபோது அளப்பதே நம்பத் தக்கது.

மார்ச் 24, இரவு 9.30

குளிர்பெட்டி இல்லாமல் உணவை எப்படி வைத்துக்கொள்வது என்று மூவர் கேட்டிருக்கிறார்கள். வைத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் என் விடை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவு அந்த இடைவெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் கொளுத்தும் நாளில் ஒரு மணி நேரம்தான். வெயிலில் நிற்கும் கேபின் இதைவிட மோசமான இடம். வெளியில் இருப்பதைவிட 20 டிகிரி கூடுவதற்கு ஒரு மணி நேரம் போதும்.

சூடு தாங்கும் பாத்திரத்தில் காலையில் அடைத்ததை இரவு திறந்து, மணம் நன்றாக இருக்கிறது என்று நம்பிச் சாப்பிட்டேன் ஒருமுறை. பாத்திரம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அந்த வெதுவெதுப்புத்தான் கிருமிக்கு உகந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த இரண்டு நாள்கள் சாலையோரத்தில் கழிப்பிடம் தேடியே கழிந்தன. ஒரு வேளைக்கு மட்டும் சமையுங்கள். மற்ற வேளைகளுக்கு முழுப் பழம், ஓடு உடைக்காத முட்டை, கொட்டை வகைகள், உலர்ந்த பொருள்கள் போதும்.

வெயில் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். அழுத்தம் அடைத்த வாசனைக் குப்பிகளை 50 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று குப்பியிலேயே எழுதியிருக்கும். அவற்றை டேஷ்போர்டில் வைக்காதீர்கள். இன்சுலின் எடுத்துக்கொள்பவர்களுக்கு என் விடை மாறும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. அவர்கள் நல்ல கம்பிரசர் குளிர்பெட்டியை எல்லாவற்றுக்கும் முன்பாக வாங்கத்தான் வேண்டும். முதல் நாளே நான் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 25, காலை 6.10

சமையல் என்றதும் அடுப்பைக் கேபினுக்குள் ஏற்றலாமா என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கூடாது. மழையிலும் கூடாது, குளிரிலும் கூடாது, ஐந்து நிமிடத்துக்கும் கூடாது. மூடிய சிறு இடத்தில் எரியும் எதுவும் கார்பன் மோனாக்சைடு தரக்கூடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் தூக்கமும்தான் முன்னறிவிப்பு. நாள் முழுக்க ஓட்டிய மனிதனுக்கு அவை இரண்டும் வழக்கமாக இருப்பவைதாம் என்பதால் எச்சரிக்கை காதில் விழாமலே போய்விடும். அந்த வாயுவைக் கண்டு ஒலிக்கும் சிறு கருவி ஒன்றைத் தலைமாட்டில் மாட்டிவையுங்கள்.

ஈரத்தின் கணக்கிலும் அடுப்புத் தோற்றுவிடும். ஒரு கிலோ சமையல் வாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி பிறக்கிறது. குளிர் காய்வதற்காக அடுப்பை ஏற்றுபவர் தம் மெத்தைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்.

குளிர்ப் பகுதிகளில் ஓடும் வண்டிகளுக்கு டீசலில் இயங்கும் தனிச் சூடேற்றி உண்டு. எரிப்பதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்துப் புகையையும் வெளியிலேயே விடும், மணிக்கு 0.1 முதல் 0.3 லிட்டர் வரை போதும். இஞ்சினை இரவெல்லாம் ஓடவிட்டால் மணிக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் போகும். புகைக்குழாய் இணைப்பை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஏப்ரல் 2, அதிகாலை 4.45

எப்போது கூட்டித் துடைப்பது, நேரமே இல்லையே என்கிறார்கள். நேரம் இருக்கிறது, ஓட்டக் கூடாத நேரம் அது. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுந்ததும் 15 முதல் 30 நிமிடம் வரை மூளை முழுதாக விழிப்பதில்லை. அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைத் தொடுவது ஆபத்து. ஆனால் வீட்டுவேலைக்கு அது போதும். நான் எழுந்ததும் கண்ணாடியைத் துடைத்து, மெத்தையை ஒரு பக்கம் தூக்கி முட்டுக்கொடுத்து, தரையைக் கூட்டி, குப்பைப் பையைக் கட்டி இறக்கி, பட்டைகளையும் போத்தல்களையும் கையால் அசைத்துப் பார்க்கிறேன். பிறகு வண்டியைச் சுற்றி நடந்து டயர்களைப் பார்ப்பேன். கால்களுக்கும் அந்த நடை வேண்டும். பல மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் கெண்டைக்கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைய வாய்ப்புண்டு. எல்லாம் சேர்ந்து 20 நிமிடம் ஆகிறது. வண்டியை எடுக்கும்போது தலை தெளிந்திருக்கிறது.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. சிறுநீர் கழிக்க நிறுத்துவதற்குச் சோம்பி, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் ஓட்டுநர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் இருவர் சிறுநீரகக் கல்லோடு துடித்ததையும் அருகிலிருந்து பார்த்தேன். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும் அளவுக்குக் குடியுங்கள். நிறுத்த முடியாத இடத்துக்காக அகன்ற வாயுள்ள, இறுக்கமாக மூடும் குப்பி ஒன்றைத் தனி நிறத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கழிப்பிடத்தில்தான் ஊற்ற வேண்டும். சாலையோரத்தில் எறியப்பட்ட குப்பிகளை அப்புறப்படுத்துபவரும் நம்மைப் போல் உழைத்துச் சாப்பிடும் மனிதர்தான்.

ஏப்ரல் 19, இரவு 8.50

முதல் நடை முடித்து வந்து எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. மரச் சட்டம் போட்ட பிறகும் கால்மாட்டில் மட்டும் மெத்தையின் அடி ஈரமாக இருக்கிறது என்கிறீர்கள். கால்மாட்டில் மெத்தை சுவரைத் தொடுகிறதா என்று பாருங்கள். என் வண்டியிலும் அப்படித்தான் இருந்தது: பக்கத் தகட்டில் படிந்த நீர் வழிந்து மெத்தையின் ஓரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மெத்தையைச் சுவரிலிருந்து மூன்று விரல் தள்ளி வைத்து, இடையில் ஒரு மெல்லிய மரக்கட்டையைச் செருகினேன், நின்றுவிட்டது. தொட்டுக்கொண்டிருக்கவில்லை என்றால் கூரை இணைப்பில் மழைநீர் கசிகிறதா என்று சோதிக்க வேண்டும். வெளியே ஒருவர் தண்ணீர் ஊற்ற, உள்ளே நீங்கள் விளக்கோடு இருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

குளிர்பெட்டி வாங்கலாமா என்று மறுபடியும் கேட்கிறீர்கள். அந்த 14 நாளில் கெட்டுப்போனதென்று எறிந்த உணவு எவ்வளவு, சரக்கு இறக்கக் காத்திருந்து வண்டி ஓடாமல் நின்ற நாள்கள் எத்தனை என்ற இரண்டையும் எழுதி அனுப்புங்கள். உங்கள் வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எந்த அளவுப் பெட்டி தாங்கும் என்று சேர்ந்து கணக்குப் போடலாம்.